ஃபார்மட் செய்யவா?

நாகலூர் எஸ்டேட் ஆபீசுக்கு
என்னைக் கூப்பிட்டது மோடத்துக்காகத்தான்.
செவ்வாய்ப்பேட்டைக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஸ்க்ரூடிரைவர், நாலு சிடி, பழைய கார்டு ஒன்று
மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபோது
காது இரண்டும் அடைத்திருந்தன.
மேனேஜர் தாமோதரன் பேசியதில் பாதி
தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.
"இடி விழுந்துச்சு. அன்னையிலேருந்து நெட் இல்ல."

மோடத்தைக் கழற்றி மோந்து பார்த்தேன்.
இதற்கு மூக்கே போதும்.
போன் வயர் நுழையும் வாயருகே
ஓடு வெடித்த கறுப்புச் சில்,
திரி அணைந்த வாசனை.
வேறு கார்டு செருகினேன். டயல் போனது.
அந்தக் கீச்சு, அந்தக் கரகரப்பு,
முன்பின் தெரியாத இரண்டு பேர்
எந்த வேகத்தில் பேசலாம் என்று
சண்டை போட்டு முடிவுசெய்வது மாதிரி.
பிறகு அமைதி.
முப்பத்தோராயிரத்துச் சொச்சம். மழையில் அதுவே அதிகம்.

அப்போதே கிளம்பியிருக்கலாம்.

"அப்படியே இதையும் பாத்திருங்க" என்றார்.
பழைய ரைட்டர் செவரின் போட்டுவைத்தாராம்,
மெஷின் எழுந்ததும் இரண்டு வரி வருகிறதாம்.
"ரெண்டாவதுல ஒண்ணும் கிடையாது. காலி.
விண்டோஸே கேக்குது பாருங்க."
கேட்டதுதான்.
இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை. இப்போது செய்யவா?
ஆம். இல்லை.
'ஆம்' மேலேயே நின்றது அம்பு.

விண்டோஸ் பொய் சொல்லாது.
தனக்கு வாசிக்கத் தெரியாததை
எழுதாத தாள் என்று நினைத்துக்கொள்ளும்,
அவ்வளவுதான்.

மவுஸை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினேன்.

இரண்டாவது வரியில் போனால் பாதி வழியில் நின்றது.
கர்னல் பயந்து எழுதிய நாலு வரி,
அடியில் மினுக்கும் ஒரு கோடு.
மின்னல் வெட்டிய நேரம் மெஷின் ஓடியிருக்கும்.
நிலம் அங்கேயேதான் கிடக்கிறது,
சர்வே கல் மட்டும் நகர்ந்துவிட்டது.
சிடியில் ஏற்றி
சிலிண்டர் சிலிண்டராகத் தேடவிட்டேன். மூன்று மணி நேரம்.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி சொட்டிக்கொண்டிருந்தது.
டைப்பிஸ்ட் எமல்டா கடுங்காப்பி வைத்தாள்,
மேனேஜர் போனை எடுக்கப் போன இடைவெளியில் சொன்னாள்:
"கூலிப் பேரேடு உள்ளதான் சார் இருக்கும்."

இருந்தது.
பொங்கியம்மா. வெள்ளச்சி. சடையன் சம்சாரம் ராஜி.
தேதி தேதியாக, கிலோ கிலோவாக
பழம் பறித்த கணக்கு.
கடைசிக் கட்டத்தில் பாக்கி,
மூன்று பருவத்து உபரிக் கிலோவுக்கான காசு.

தாமோதரன் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார்.
அவருக்கு வாசிக்கத் தெரிந்தது.
அதுதான் சங்கடம்.

"இதை எடுத்துட்டா எவ்வளவு இடம் கிடைக்கும்?"
"ஆறு ஜி.பி. சார். ஆனா எழுப்புறதே இதுதான்.
எடுத்தா உங்க விண்டோஸும் எழுந்திருக்காது."
முக்கால் உண்மை.
மிச்சக் காலை ஒரே கட்டளையில் சரிசெய்துவிடலாம்.
அதை நான் சொல்லவில்லை.

எமல்டா எட்டு ஃப்ளாப்பி கொண்டுவந்தாள்.
ஒன்றில் பூஞ்சை. ஏழில் ஏறியது.
அவை அவளுடைய டிபன் பைக்குள் போனதை
நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பில் எழுதினேன்.
மோடம் கார்டு எண்ணூற்று ஐம்பது.
வந்துபோன செலவு அறுபது.
மூன்றாவதாக ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.
அவர் ஃபைலில் அது இருக்க வேண்டாம்.

கடைசி பஸ். பனியில் ஹாரன்தான் ரோடு.
நடுவில் ஏதோ ஒரு வளைவில்
இடது காது பட்டென்று திறந்தது.
வலது, அடிவாரம் வந்தும் திறக்கவில்லை.
கண்டக்டர் என்னவோ கேட்டார்.
திறந்த பக்கம் திரும்பினேன்.
"சில்லறை இருக்கா?"